பழைய கேம் பட்டியல் நீண்டுவிட்டது: ஏற்காட்டு மழைக்காலத்தில் எதில் தொடங்குவது, எப்படி ஆடுவது?

மலைப்பாதை20

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சேலம் குகை, இப்போது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறேன். பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் பிப்ரவரி முடிகிற வரைக்கும் தலை நிமிர முடியாது, ஆட்கள் கூலி, மூட்டைக் கணக்கு, லாரி என்று ராத்திரி ஆகிவிடும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் நிலைமையே வேறு. சாயங்காலமே பனி இறங்கிவிடும், ஏரிப்பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூங்கப்போகும் வரை நேரம் என்னுடையது. இந்த வருஷம் அந்த நேரத்தைப் பழைய கேம்களுக்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

ஏன் பழைய கேம் என்றால், நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் ஆடியது திரும்பத் திரும்ப அதே சில கேம்கள்தான். டிவியில் மாட்டும் கேசட்டில் மரியோ, காண்ட்ரா, சர்க்கஸ், டேங்க். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் டேவ். அப்புறம் நான்கு ரோட்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் ரோட் ராஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி. உலகம் முழுக்கக் கொண்டாடுகிற செல்டா, சூப்பர் மெட்ராய்டு, க்ரோனோ ட்ரிக்கர், ஃபைனல் ஃபேண்டஸி 7, மங்கி ஐலேண்ட், தீஃப், டியூஸ் எக்ஸ் இதெல்லாம் பெயராகத்தான் தெரியும். பழைய நினைவுக்காக நான் இவற்றைத் தேடவில்லை. எனக்கு இவை புதுசு.

பட்டியல் நூறைத் தாண்டிவிட்டது, அதுதான் பிரச்சினை. வருஷ வரிசைப்படி போகலாம் என்று ஒரு யோசனை, 1985இல் தொடங்கி ஒவ்வொன்றாக. நல்லதை முதலில் ஆடலாம் என்று இன்னொரு யோசனை. எமுலேட்டரில், அதாவது பழைய கேம் மெஷினைக் கம்ப்யூட்டரில் போலச் செய்யும் மென்பொருளில், நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் கேமை ஆடியதாகக் கணக்கா? வழிகாட்டிப் பக்கங்களைப் பார்க்கலாமா, கூடாதா? பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் விடுவது? முழுக்க ஆடி முடித்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு யூஎஸ்பி பேட். யூபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும், இடி இறங்கினால் இங்கே கரன்ட் போய்விடும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கொலுசுப்பட்டறை

தம்பி, நல்ல காரியம். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன், எனக்கு ஐம்பது நெருங்குகிறது, பல வருஷமாக இதைத்தான் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். உன்னுடைய கேள்விக்குப் போகும் முன்னால், செல்டா ஏன் நம்ம தெருவுக்கு வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உன் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

நமக்குக் கிடைத்தது நூறு கேம், ஆயிரம் கேம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட். ஒரே சிப்பில் நிறைய கேமை அடைக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் சின்னதாக இருந்தாக வேண்டும். சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். டேங்க் கேம், அதாவது பேட்டில் சிட்டி, 24 கிலோபைட். அதனால்தான் ஐஸ் க்ளைம்பர், எக்ஸைட்பைக், சர்க்கஸ் சார்லி, ரோடு ஃபைட்டர் எல்லாம் எந்தக் கேசட்டைப் போட்டாலும் வந்து நிற்கும். செல்டா 1986இல் ஜப்பானில் டிஸ்க்காக வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குக் கேசட்டாகப் போனபோது 128 கிலோபைட், அதோடு சேவ் செய்து வைக்க உள்ளே ஒரு பேட்டரியும் தனி மெமரியும். விலை மலிவாக விற்கிறவன் அந்தப் பேட்டரியைப் போடுவானா? ஆக நமக்கு வந்ததெல்லாம் ஒரே உட்காரலில் ஆடி, செத்தால் முதலில் இருந்து தொடங்கும் கேம்கள். சேவ் செய்து, மறுநாள் தொடர்ந்து, வாரக்கணக்கில் ஒரு உலகத்துக்குள் இருக்கும் கேம்கள் நம் கைக்கு வரவே இல்லை. உன் பட்டியலில் முக்கால்வாசி அந்த இரண்டாவது ரகம்.

அதனால் வருஷ வரிசை வேண்டாம். எந்தக் கேமுக்கு என்ன மாதிரி நேரம் வேண்டும் என்று பார்த்துப் பிரித்துக்கொள். தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம், நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றால் அது க்ரோனோ ட்ரிக்கருக்கும் டியூஸ் எக்ஸுக்கும் உரிய நேரம். வேலை முடிந்து கண் எரிகிறது, அரை மணி நேரம்தான் என்றால் அன்றைக்குக் காண்ட்ரா மாதிரி ஒன்று. சூப்பர் மெட்ராய்டு மாதிரி கேமை இடைவெளி விடாமல் ஒரே வாரத்துக்குள் ஆட வேண்டும், ஏனென்றால் எந்தக் கதவை விட்டுவிட்டு வந்தோம் என்பது தலையில் இருந்தால்தான் அதில் சுவை. பத்து நாள் விட்டுவிட்டுத் திரும்பினால் வரைபடம் இருக்கும், ஞாபகம் இருக்காது. பழம் பறிக்கும் காலத்தில் சின்னது, மழையில் பெரியது, அவ்வளவுதான் வரிசை. ஒரு நேரத்தில் ஒரு பெரியது, ஒரு சின்னது. மூன்றாவதைத் தொடாதே.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன்: கையேட்டைப் படிக்காமல் 1995க்கு முந்தைய எந்தக் கேமையும் தொடங்காதே. அந்தக் காலத்தில் கேமின் பாதி பெட்டிக்குள் காகிதமாக இருந்தது. செல்டாவை இன்றைக்குத் திறந்தால் ஒரு வெட்டவெளி, ஒரு குகை, அதற்குள் ஒரு கத்தி, ஒன்றும் புரியாது, பலபேர் பத்து நிமிஷத்தில் மூடிவிடுகிறார்கள். கதை, எந்தப் பொருள் எதற்கு, எந்த எதிரி எப்படி, ஒரு பகுதி வரைபடம் வரைக்கும் கையேட்டில் இருக்கிறது. 1990இல் வந்த ஸ்டார்ட்ராபிக்ஸில் இன்னும் ஒரு படி மேலே, பெட்டிக்குள் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள், அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும், அந்த எண் இல்லாமல் கேம் நகராது. எமுலேட்டரில் ஆடுகிறவன் அங்கே போய்த் திகைத்து நிற்பான். இந்தக் கையேடுகளின் ஸ்கேன் பெரும்பாலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும். ஐந்து ரோட்டில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் சின்னப் புத்தகமாக அடித்துத் தருவார்கள், அப்படியே ஒரு கிராஃப் நோட்டும் வாங்கிக்கொள். செல்டாவில் தரைக்கு மேலே இருக்கும் உலகம் குறுக்கே 16, நெடுக்கே 8, மொத்தம் 128 திரைகள். கட்டத்துக்கு ஒரு திரை என்று வரைந்துகொண்டே போ. குண்டு வைத்துத் திறக்கும் சுவர், எரித்தால் வழிவிடும் புதர் எல்லாவற்றையும் நீயே குறித்தால் வழிகாட்டி தேவையே படாது.

கரன்ட் விஷயம்: ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளைப் பயன்படுத்துகிறாய் என்றால், கேமுக்குள் செய்த சேவ் சில சமயம் கேமை மூடும்போதுதான் கோப்பில் எழுதப்படும். நடுவில் கரன்ட் போனால் கேமுக்குள் சேவ் செய்திருந்தும் போய்விடும். சேவிங் பகுதியில் சேவ்ராம் தானாக எழுதும் இடைவெளி என்று ஒன்று இருக்கும், அணைந்திருந்தால் 10 விநாடி என்று வைத்துவிடு.

ஐந்துரோட்டான்

கொலுசுப்பட்டறை அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான், சேவ் ஸ்டேட், அதாவது எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேவ் செய்வது பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். பயன்படுத்தாதீர்கள். அதுவும் கடையில் காயின் போட்டு ஆடும் ஆர்க்கேட் கேமில் தொடவே தொடாதீர்கள்.

முஸ்தபா ஆடியிருப்பீர்கள், கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993இல் விட்டது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் காயின் போட்டு ஆடிய எவனும் அதை மறக்க மாட்டான். எட்டுப் பகுதி. எமுலேட்டரில் பட்டனைத் தட்டித் தட்டி அளவில்லாமல் காயின் போட்டால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும், முடித்த பிறகு மனதில் ஒன்றுமே நிற்காது. காரணம், அந்தக் கேமையே காயின் கணக்கை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். எந்த ரவுடிக்கூட்டம் எந்தப் பக்கம் இருந்து வரும், கீழே கிடக்கும் துப்பாக்கியை இப்போது எடுப்பதா, பாஸ், அதாவது பகுதி முடிவில் வரும் பெரிய எதிரி, வரும் வரை விடுவதா, இதெல்லாம் கையில் இரண்டு காயின்தான் இருக்கிறது என்றால்தான் யோசிக்கத் தோன்றும். நான் மூன்று காயின் என்று எனக்கே ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். முதல் வாரம் மூன்றாம் பகுதிகூடத் தாண்டவில்லை, அப்புறம் மெதுவாகக் கை பழகியது. இப்போது அந்தக் கேமின் ஒவ்வொரு தெருவும் எனக்குத் தெரியும். முடித்தது என்றால் அதுதான் முடித்தது.

காண்ட்ராவில் 30 உயிர் வாங்கும் அந்த மேலே மேலே கீழே கீழே பட்டன் வரிசையையும் ஒருமுறை விட்டுவிட்டு ஆடிப்பாருங்கள். எட்டே பகுதிதான். மூன்று உயிரோடு நீர்வீழ்ச்சியை ஏறி முடித்தால் வரும் சந்தோஷம் தனி.

ஆரஞ்சுத்தோட்டம்

ஐந்துரோட்டான் தம்பி சொல்வதை ஆர்க்கேடுக்கு ஒப்புக்கொள்கிறேன், எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிஞ்சா கைடன் கடைசி பாஸிடம் தோற்றால் வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும், அந்த வழியை மறுபடி மறுபடி நடப்பதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பொழுதுதான் போகும். அங்கே பாஸ் வாசலில் ஒரு சேவ் ஸ்டேட் வைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சண்டை நடக்கும்போது வைக்க மாட்டேன். அதாவது, கேம் உங்களை எங்கே சோதிக்கிறதோ அங்கே கை வைக்காதீர்கள், எங்கே வெறுமனே காத்திருக்க வைக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். இது என் கணக்கு. அதோடு வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காருகிற பெண்களும் இந்தக் கேம்களை ஆடுகிறோம், எங்களுக்குப் போஸ் பட்டன் போல அது ஒரு தேவை.

நானும் ஏற்காடுதான் தம்பி, ஆசிரியை. மழையில் பெரிய கதைக் கேம் என்றால் முதலில் க்ரோனோ ட்ரிக்கரை எடுங்கள், ஃபைனல் ஃபேண்டஸி 7க்கு அப்புறம் போகலாம். 1995இல் வந்தது. ஃபைனல் ஃபேண்டஸியின் சாகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டின் ஹோரி, டிராகன் பால் வரைந்த தோரியாமா மூவரும் சேர்ந்து செய்தது, ஆனால் அந்தப் பெரிய பெயர்களுக்காக நான் சொல்லவில்லை. இந்த ரகக் கேம்களில் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும்போதே திரை சுழன்று கண்ணுக்குத் தெரியாத எதிரி வந்து நிற்பான், புதிதாக வருகிறவர்கள் அதிலேயே சலித்துவிடுவார்கள். க்ரோனோ ட்ரிக்கரில் எதிரிகள் எதிரே தெரிவார்கள், பலரைச் சுற்றிப் போய்விடலாம், சண்டையும் நின்ற இடத்திலேயே நடக்கும். இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், வெட்டிக்காக ஒரு மணி நேரம்கூட இழுக்காது. முடித்த பிறகு அதே பலத்தோடு மறுபடி தொடங்கலாம், கடைசி எதிரியை எப்போது போய்ச் சந்திக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், பத்துக்கும் மேல் முடிவுகள் இருக்கின்றன.

தொடக்கத்தில் ஒரு திருவிழா வரும். அவசரப்படாமல் எல்லாக் கடையையும் சுற்றுங்கள், எல்லோரிடமும் பேசுங்கள். நீங்கள் அங்கே செய்வதை எல்லாம் கேம் கவனித்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் சொன்னால் உங்கள் சுவையைக் கெடுத்துவிடுவேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், மித்சுதா என்ற இளைஞரின் முதல் பெரிய வேலை அந்த இசை. உழைத்து உழைத்து வயிற்றுப்புண் வந்து படுத்துவிட்டார், மிச்சத்தை உஎமாட்சு முடித்துக் கொடுத்தார். காற்று வீசுகிற ஒரு வயல்வெளிக்கு அவர் போட்ட பாட்டை நம்ம மலையில் பனிக்காலையில் கேட்டால் எனக்கு இன்னமும் கண் கலங்கும்.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் 2018இல் வந்தது. வந்த புதிதில் எழுத்தும் படமும் மோசம் என்று எல்லோரும் திட்டினார்கள், பிறகு அப்டேட்டுகளில் நிறையச் சரிசெய்துவிட்டார்கள், இப்போது தயங்காமல் வாங்கலாம். பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

பத்தாம்லெவல்_டேவ்

பிசி பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். தனி கார்டு இல்லையே என்ற கவலையை விடுங்க, நீங்க சொன்ன பிசி கேம் எதற்கும் இன்றைய சாதாரண டெஸ்க்டாப் போதும், மிஞ்சிக்கூட இருக்கும். உண்மையில் பிரச்சினை தலைகீழாக வரும். டாஸ் காலத்துக் கேம் சிலவற்றில் வேகம் ப்ராசஸரைப் பொறுத்தது, இன்றைய கம்ப்யூட்டரில் பேய் மாதிரி ஓடும். டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கண்ட்ரோல் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும், கண்ணுக்குச் சரியாகப் படும் வரை அழுத்துங்க.

வழிகாட்டி பார்க்கலாமா என்று கேட்டிருந்தீங்க. அது யார் செய்த கேம் என்பதைப் பொறுத்தது. லூக்காஸ் ஆர்ட்ஸ் செய்த மங்கி ஐலேண்ட், 1990, இதில் வழிகாட்டியைத் தொடாதீங்க. நீங்க சாகக்கூடாது, திரும்ப முடியாத முட்டுச்சந்தில் மாட்டக்கூடாது என்ற கொள்கையோடு செய்த கேம் அது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் விடை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். ராத்திரி விடை தெரியாமல் படுத்து, காலையில் பல் தேய்க்கும்போது சட்டென்று பிடிபடும், அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த ரகக் கேமையே ஆடுகிறோம். அதே வருஷம் சியரா விட்ட கிங்ஸ் குவெஸ்ட் 5 எடுத்தீங்க என்றால் நேர்மாறு. தொடக்கத்தில் கிடைக்கும் ஒரு பலகாரத்தைத் தின்றுவிட்டால் வெகுநேரம் கழித்து பனிமலையில் ஒரு பூதத்தின் மேல் எறிய ஒன்றும் இருக்காது, கதை அங்கேயே முடிந்தது, கேம் அதை உங்களிடம் சொல்லவும் செய்யாது. பூனை துரத்தும் எலியைக் காப்பாற்றாமல் விட்டால் இன்னொரு இடத்தில் இதே கதி. அதனால் சியரா கேம் ஆடும்போது பக்கத்தில் வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடுங்க, அது தப்பே இல்லை. மங்கி ஐலேண்ட் பழைய கோப்பு இருந்தால் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடும், இல்லாவிட்டால் 2009இல் வந்த புதுப்பதிப்பு கடையிலேயே கிடைக்கிறது, ஒரு பட்டனில் பழைய படத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே விடுவது என்ற கேள்விக்கு ஒன்றே ஒன்று. டியூஸ் எக்ஸை முதல் மிஷனோடு விட்டுவிடாதீங்க. சுதந்திரதேவி சிலை இருக்கும் தீவு, பெரிசு, இருட்டு, கையில் திறமை எதுவும் இல்லாத நேரம், குறி வைத்தால் கைநடுக்கம். நிறையப் பேர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். நியூயார்க் தெருவுக்குள் போய், ஒரே கட்டடத்துக்குள் நுழைய கூரை, சாக்கடை, திருட்டுச் சாவி என்று பல வழி இருப்பதைப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் விடுங்க. ஐஜிஐயில் நடுவில் சேவ் இல்லாமல் மிஷன் மிஷனாக முடித்தவர் நீங்க, இந்தப் பொறுமை உங்களிடம் இருக்கும்.

தீஃப், 1998, மழை ராத்திரிக்கு என்றே செய்த மாதிரி. ஆனால் ஹெட்ஃபோன் இல்லாமல் வேண்டாம். அந்தக் கேமில் காதுதான் கண். தரை ஓடு, இரும்புத் தகடு மேல் நடந்தால் சத்தம், கம்பளம் மேல் நடந்தால் சத்தமே வராது, காவலாளி எந்த அறையில் நடக்கிறான் என்பதைக் காலடி ஓசையை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

மலைப்பாதை20

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. கேசட்டில் சேவ் பேட்டரி இல்லாததால்தான் அந்த ரகமே நமக்கு வரவில்லை என்று பட்டறை அண்ணன் சொன்னதைப் படித்ததும், என் பட்டியலை அப்படியே பிரித்துப் பார்த்தேன், அவர் சொன்னபடிதான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். செல்டாவும் சூப்பர் மெட்ராய்டும் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் எங்கே வாங்குவது? கம்ப்யூட்டரில் விற்கிற கடைகளில் தேடினேன், இல்லை. இன்னொன்று, சேலத்தில் வீட்டில் பழைய டயனோரா பெட்டி டிவி ஒன்று கிடக்கிறது, படம் வருகிறது. இந்தக் கேம்களைப் பெட்டி டிவியில்தான் ஆட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள், அதை மேலே கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறதா?

சூரமங்கலம்சிக்னல்

டிவி என்றதும் வந்துவிட்டேன், அப்பா டிவி மெக்கானிக், சாலிடெர், டயனோரா எல்லாம் வீட்டில் பிரித்துப் போட்டுக் கிடந்த காலத்தில் வளர்ந்தவன்.

வித்தியாசம் இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்களை வரைந்தவர்கள் பெட்டி டிவியில் கோடு கொஞ்சம் கரைந்து தெரியும் என்பதை நம்பியே வரைந்தார்கள். சோனிக் கேமில் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள், புது டிவியில் வெறும் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும், பழைய டிவியில் மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரில் போட்டால் கோடுகள் கலந்து பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். டக் ஹண்ட் துப்பாக்கி புது டிவியில் வேலையே செய்யாது. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைச் சரியான நேரத்தில் பிடிக்க வேண்டும். புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் நேரம் தப்பிவிடும்.

ஆனாலும் உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 21 அங்குலப் பெட்டி இருபது கிலோவுக்கு மேல் வரும், அதை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி, அங்கே மழைக்கால ஈரத்தில் வைத்தால் உள்ளே ஹை வோல்டேஜ் பகுதியில் பொறி அடிக்கும். வேறு எதற்காகவும் பின்மூடியைக் கழற்றிவிடாதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் சார்ஜ் நிற்கும், ஆளை அடிக்கும். ரெட்ரோஆர்ச்சில் படத்தைப் பெட்டி டிவி போலக் காட்டும் சிஆர்டி ஷேடர்கள் இருக்கின்றன, லேசான ஒன்று உங்கள் கம்ப்யூட்டர் தாங்கும், பார்க்க முக்கால்வாசி கிட்டே வந்துவிடும். கை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் நடுவில் தாமதம் தெரிந்தால் ரன் அஹெட் என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரு ஃப்ரேம் வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி பேடை மாற்றுவதைவிட அதுதான் பெரிய மாற்றம் தரும்.

கூடவே ஒன்று, ஐரோப்பியப் பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கேயும் இங்கேயும் டிவி பால் முறை, விநாடிக்கு 50. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. சரிசெய்யாமல் விட்ட கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும்.

சிடியில் கேம் வைத்திருந்தால் மலையில் பூஞ்சை பிடிக்கும், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கொலுசுப்பட்டறை

வாங்குவது பற்றிக் கேட்டாயே. செல்டா, சூப்பர் மெட்ராய்டு இரண்டும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்குச் சந்தா கட்டினால் வரும், கம்ப்யூட்டருக்கு அவர்கள் விற்பதில்லை. முன்னால் தனித்தனியாக வாங்க முடிந்தது, அவர்களுடைய பழைய மெஷின்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு கணக்கெடுத்தார்கள், 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை. ஐந்துரோட்டான் சொன்ன முஸ்தபாவையே எடுத்துக்கொள், அது வீட்டு மெஷின் எதற்கும் வரவே இல்லை. எனக்கு இது வயிற்றெரிச்சல். புத்தகம் என்றால் ஒரு நூலகத்திலாவது இருக்கும்.

என் தம்பி மகனிடம் ஸ்விட்ச் சும்மாதான் இருக்கிறது, சந்தாவும் ஓடுகிறது, அவன் இப்போது படிப்பில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்போது பட்டறைப் பக்கம் வா, மழை முடிகிற வரை வைத்துக்கொள். செல்டா கையேடு ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துக்கொண்டு போ.

மலைப்பாதை20

அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இந்த ஞாயிறே வருகிறேன், எங்கள் எஸ்டேட் காப்பித்தூள் கொண்டுவருகிறேன், மறுக்கக்கூடாது.

அப்போ இப்படி முடிவு செய்கிறேன். பெரியதில் முதலில் க்ரோனோ ட்ரிக்கர், கூடவே சின்னதாகக் காண்ட்ரா, 30 உயிர் இல்லாமல். அது முடிந்ததும் மழை நன்றாகப் பிடிக்கும்போது தீஃப். ஸ்விட்ச் கைக்கு வந்தால் க்ரோனோ ட்ரிக்கர் முடிகிற வரை அதைத் திறக்க மாட்டேன், அப்புறம்தான் கிராஃப் நோட்டும் செல்டாவும். சேவ் ஸ்டேட் விஷயத்தில் அக்கா சொன்ன கணக்கை எடுத்துக்கொள்கிறேன், ஐந்துரோட்டான் அண்ணன் கோபிக்கக்கூடாது, முஸ்தபாவுக்கு அவர் சொன்ன மூன்று காயின்தான். மிச்சப் பட்டியலை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் ஏற்காட்டில் எந்தப் பக்கம்? க்ரோனோ ட்ரிக்கரில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வழிகாட்டி பார்க்காமல் உங்களைக் கேட்கலாமா?

ஆரஞ்சுத்தோட்டம்

லேடிஸ் சீட் போகும் வழியில் தம்பி. தாராளமாகக் கேளுங்கள், ஆனால் முதலில் ஒரு நாள் முழுக்க நீங்களே சுற்றிப் பார்த்த பிறகு கேளுங்கள். கேட்டாலும் விடை சொல்ல மாட்டேன், யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பது மட்டும் சொல்வேன்.

ஐந்துரோட்டான்

கோபம் எல்லாம் இல்லை தம்பி. முஸ்தபாவில் மூன்று காயினில் எந்தப் பகுதி வரை போனீர்கள் என்று வந்து எழுதுங்கள். துப்பாக்கியைப் பாஸுக்கு விட்டு வையுங்கள், வழியில் வருகிறவனிடம் சுட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.